போகி என்றால் பூச்சாண்டி! பர்டி என்றால் பறவை!

2021-ம் ஆண்டு ஆகஸ்டு 7-ந் தேதி, சனிக்கிழமை.

அன்று நம் நாட்டில் பல வீடுகளில் டெலிவிஷன் பெட்டி வழக்கத்துக்கு முன்பே கண் விழித்தது. டோக்கியோ ஒலிம்பிக்கில் பெண்கள் கோல்ப் பந்தயத்தின் கடைசி நாள் அது. பெங்களூரைச் சேர்ந்த 23 வயதுப் பெண் அதிதி அசோக், உலகத்தின் பெரிய ஆட்டக்காரிகளுக்கு நடுவே இரண்டாவது இடத்தில் நின்றார். உலகத் தரவரிசையில் அப்போது அவருடைய இடம் 200. அப்படிப்பட்டவர் பதக்கத்தை எட்டிப் பிடிக்கும் தூரத்துக்கு வந்துவிட்டார். அவருடைய பையைத் தோளில் சுமந்து கூடவே நடந்தவர் யார் தெரியுமா? அவரைப் பெற்ற தாய் மகேசுவரி!

அதுவரையில் கோல்ப் மட்டையைக் கண்ணால் பார்த்திராதவர்கள்கூட அன்று நகத்தைக் கடித்தார்கள். ஆனால் ஒரு தொல்லை. வர்ணனையாளர் பேசிய பேச்சு புரியவில்லை. "பார்" என்றார். "பர்டி" என்றார். "போகி" என்றார். "பதினைந்து அண்டர்" என்றார். பத்திரிகைகளிலும் இதே சொற்கள் அப்படியே தமிழ் எழுத்தில் வந்தன. எழுத்து என்னவோ தமிழ்தான். பொருள்தான் எங்கேயோ! எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழகிய ஒரு தாய் 'போகி' என்ற சொல்லைப் பார்த்தால் என்ன நினைப்பாள்? பொங்கலுக்கு முதல் நாள், பழைய பாயையும் துடைப்பத்தையும் கொளுத்துகிற பண்டிகைதானே நினைவுக்கு வரும்?

"அது பணக்காரர் ஆட்டம். அந்தப் பேச்சு நமக்கு எதற்கு?" என்று ஒதுங்கிவிடுவது எளிது. பலர் ஒதுங்கியும் விட்டார்கள். அது சரியல்ல. கோல்ப் சொற்களில் பெரும்பாலானவை சீமான்கள் மாளிகையில் உட்கார்ந்து யோசித்துச் செய்தவை அல்ல. வீட்டுக் கூரையிலிருந்தும், கடைத்தெருவிலிருந்தும், பூச்சாண்டிப் பாட்டிலிருந்தும் வந்தவை. ஒரு காபி குடிக்கிற நேரத்தில் விளங்கிவிடும். விளங்கச் சொல்லாமல் விட்டவர்கள்மீதுதான் குறை, விளங்காதவர்கள்மீது அல்ல.

கோலி ஆடியவர்களுக்குத் தெரியும்

கோலி ஆடாத பையன் நம் ஊரில் உண்டா? மண்ணில் ஒரு சிறு குழி. விரலால் கோலியைச் சுண்டி அந்தக் குழிக்குள் தள்ள வேண்டும். கோல்ப்பும் அவ்வளவுதான்.

கோலிக்குப் பதில் வெள்ளைப் பந்து. எடை 46 கிராமுக்குள். விரலுக்குப் பதில் நீண்ட மட்டை. வீட்டு வாசலுக்குப் பதில் நூறு ஏக்கருக்கு மேல் நிலம். குழியின் வாய் 108 மில்லிமீட்டர். அதாவது அரைச் சாண். தூரத்திலிருந்து பார்த்தால் குழி தெரியாது. அதனால் அதில் ஒரு கொடி நட்டிருப்பார்கள். இப்படி 18 குழிகள். ஒவ்வொன்றாகப் பந்தைப் போட்டுக்கொண்டே போக வேண்டும்.

யார் குறைந்த அடிகளில் முடிக்கிறாரோ அவருக்கு வெற்றி. கிரிக்கெட்டில் எண்ணிக்கை ஏறினால் கைதட்டல். இங்கே எண்ணிக்கை இறங்கினால் கைதட்டல்! இந்த ஒன்று மனத்தில் பதிந்தால் பாதிக் கோல்ப் தெரிந்த மாதிரி.

கோடைக்கானலில் தூண் பாறையைப் பார்க்கப் போகிறவர்கள், வழியில் பச்சைக் கம்பளம் விரித்தாற்போல் ஒரு பெரிய மைதானத்தைப் பார்த்திருக்கலாம். அங்கங்கே கொடிகள் நிற்கும். அது கோல்ப் மைதானம். பஸ்ஸிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, "வெள்ளைக்காரன் விட்டுப் போனது" என்று சொல்லிக்கொண்டு போவார்கள்.

ஏர் ஓடாத நிலம்

வெள்ளைக்காரன் விட்டுப் போனதுதான். ஆனால் அவன் நாட்டில் அது பிறந்தது மாளிகைத் தோட்டத்தில் அல்ல.

ஸ்காட்லாந்து நாட்டின் கடற்கரை. கடலுக்கும் விளைநிலத்துக்கும் நடுவே மணல்மேடும் முரட்டுப் புல்லுமாக ஒரு நிலம் கிடக்கும். அதில் ஏர் ஓட்ட முடியாது. நம் தென்கோடித் தேரிக்காட்டைப் போல என்று வைத்துக்கொள்ளலாம். அந்தப் பயன்படாத நிலத்துக்கு ஊர்க்காரர்கள் வைத்த பெயர் 'லிங்க்ஸ்'. இன்றைக்கு 'கோல்ப் லிங்க்ஸ்' என்று பெருமையாகச் சொல்லுகிறார்களே, அந்தச் சொல்லின் பிறப்பு இதுதான். புறம்போக்கு!

அந்தப் புறம்போக்கில் ஆடுகள் மேய்ந்தன. முயல்கள் வளை தோண்டின. கடற்காற்றுக்குப் பயந்து ஆடுகள் ஒதுங்கி ஒதுங்கி மணலில் பள்ளம் விழுந்தது என்பார்கள். இன்று கோடிக்கணக்கில் செலவழித்து, வேண்டுமென்றே மணற்பள்ளம் தோண்டுகிறார்கள். அதற்குப் பெயர் 'பங்க்கர்'. பந்து அதில் விழுந்தால் எடுப்பது பெரும்பாடு. ஆட்டுக்கு ஒதுங்க இடம். மனிதனுக்கு அகப்பட்டுக்கொள்ள இடம்!

மட்டை தரையில் பட்டால் புல்லோடு ஒரு மண்கட்டி பெயர்ந்து பறக்கும். அதற்கு 'டிவாட்' என்று பெயர். ஸ்காட்லாந்து ஏழைகள் வீட்டுக் கூரைக்கு அடுக்கிய புல்கட்டிக்கு அந்தப் பெயர்தான் வழங்கியது. நம் ஊரில் பிறந்திருந்தால் 'கீற்று' என்றுகூடப் பெயர் வைத்திருப்பார்கள்.

ஊரார் இந்த ஆட்டத்தில் எவ்வளவு மூழ்கியிருந்தார்கள் என்பதற்கு ஒரு சாட்சி உண்டு. 1457-ம் ஆண்டில் அரசர் 2-ம் ஜேம்ஸ் காலத்தில் ஸ்காட்லாந்துப் பார்லிமெண்டு கோல்ப்புக்கும் கால்பந்துக்கும் தடை போட்டது. ஏன்? ஜனங்கள் வில் வித்தை பழகாமல் ஆட்டத்தில் பொழுதைப் போக்கினார்களாம். பகைவன் வந்தால் பந்தாலா அடிப்பது? அரசருக்குக் கவலை!

செயின்ட் ஆண்ட்ரூஸ் என்ற ஊர் கோல்ப்பின் தலைநகரம் என்று பெயர் பெற்றது. அந்த ஊர்க் கடற்கரையில் ஆடும் உரிமை ஊர் மக்களுக்கு உண்டு என்று 1552-ம் ஆண்டுப் பத்திரமே சொல்லுகிறது. ஆட்டத்துக்கு 18 குழி என்ற கணக்கும் அங்கேதான் பிறந்தது. 22 குழியாக இருந்ததை 1764-ல் 18 ஆகக் குறைத்தார்கள். இன்னொரு வேடிக்கை. அந்த உலகப் புகழ் பெற்ற பழைய மைதானத்தில் பெரிய பந்தயம் இருந்தாலொழிய ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் கிடையாது. அன்று அது ஊருக்குப் பொது. குழந்தையைக் கூட்டிக்கொண்டு நடக்கலாம்; நாயை ஓட விடலாம்.

அப்படியானால் இது எப்படிப் பணக்காரர் ஆட்டம் ஆயிற்று? முதல் காரணம் பந்து. அந்தக் காலத்துப் பந்து தோலால் தைத்த சிறு பை. அதற்குள் ஒரு தொப்பி நிறைய வாத்து இறகை வேகவைத்துத் திணிக்க வேண்டும். ஒரு தொழிலாளி நாள் முழுவதும் பாடுபட்டாலும் சில பந்துகள்தான் தேறும். விலை கொள்ளை விலை. 1848 வாக்கில் மலாய் நாட்டு மரம் ஒன்றின் பாலைக் காய்ச்சி உருட்டிய 'கட்டாபெர்ச்சா' பந்து வந்தது. விலை சரிந்தது. சாதாரண மனிதனும் மட்டையை எடுத்தான். பந்து மலிந்த பிறகு எழுந்தது கிளப்புகளின் வேலி. அந்தக் கதை பிறகு.

டீ குடிப்பதற்கு அல்ல

முதல் அடி அடிக்கும் இடத்துக்கு 'டீ' என்று பெயர். கிளாஸில் ஆவி பறக்கும் டீ அல்ல! பந்தைச் சற்று உயரமாக வைக்கும் ஆணிக்கும் அதே பெயர். முன்காலத்தில் ஈர மணலைப் பிடித்துப் பிள்ளையார் மாதிரி வைத்து, அதன்மேல் பந்தை வைப்பார்கள். கையெல்லாம் மணல். இந்தத் தொல்லை ஒரு பல் டாக்டருக்குப் பொறுக்கவில்லை. அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்தில் இருந்த ஜார்ஜ் கிராண்ட் என்ற நீக்ரோ இனத்தவர் அவர். மரத்தால் ஆணி செய்து 1899-ல் பதிவு செய்தார். ஆனால் விற்றுப் பணம் சேர்க்கவில்லை. நண்பர்களுக்குக் கொடுத்து மகிழ்ந்தார். அவரை அமெரிக்கக் கோல்ப் சங்கம் முறையாக ஒப்புக்கொண்டது 1991-ம் ஆண்டில்தான். 92 ஆண்டுகள்!

டீயிலிருந்து குழி வரைக்கும் கத்தரித்த புல்வெளி 'பேர்வே'. ராஜபாட்டை. அதற்கு இரு பக்கமும் வளர்ந்து கிடக்கும் புதர்ப்புல் 'ரப்'. குழியைச் சுற்றித் தலை சிரைத்தாற்போல் ஒட்ட வெட்டிய புல்தரை 'கிரீன்'. கிரீனுக்கு வந்த பிறகு ஓங்கி அடிக்கக்கூடாது. மெல்லத் தட்டி உருட்ட வேண்டும். அதற்குப் 'பட்' என்று பெயர். கிரீனுக்குப் பக்கத்திலிருந்து பந்தைச் சற்றே எழுப்பி உள்ளே போடுவது 'சிப்'.

வலது கைக்காரர் அடித்த பந்து வலது பக்கமாக வளைந்து ஓடினால் 'ஸ்லைஸ்'; இடது பக்கம் போனால் 'ஹூக்'. பந்து ஆள்மேல் போகிறது என்றால் "போர்!" என்று கத்துவார்கள். சண்டைக்கு அழைப்பதல்ல. "முன்னால் நிற்பவரே, தலையைக் காத்துக்கொள்ளும்!" என்று பொருள்.

இவை எல்லாம் இடத்தின் பெயர், அடியின் பெயர். எல்லாரும் திணறுகிற இடம் கணக்கு. அதைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும்.

குடும்பக் கணக்கு

'பார்' என்றால் பார்ப்பது அல்ல. சாராயக் கடையும் அல்ல. சமம் என்று பொருள்படும் லத்தீன் சொல் அது. பங்கு மார்க்கெட்டில் புழங்கிய சொல்லை 1870-ம் ஆண்டில் ஒரு கோல்ப் எழுத்தாளர் ஆட்டத்துக்குக் கடன் வாங்கினார்.

மாதச் சம்பளம் இவ்வளவு. அதற்குள் குடித்தனம் நடத்த வேண்டும் என்று ஒரு கணக்கு இருக்கிறது அல்லவா? அதுதான் பார். ஒவ்வொரு குழிக்கும் இத்தனை அடி செலவு செய்யலாம் என்று முன்கூட்டியே ஒரு கணக்கு. கிரீனுக்கு வந்த பிறகு இரண்டு தட்டு என்று எல்லாக் குழிக்கும் பொதுவாக வைத்துவிடுவார்கள். கிட்டத்தில் இருக்கும் குழிக்கு, கிரீனை எட்ட ஒரே அடி போதும். ஒன்றும் இரண்டும் மூன்று. அது 'பார் 3'. சற்றுத் தூரத்துக் குழி 'பார் 4'. நெடுந்தூரம் என்றால் 'பார் 5'. பதினெட்டையும் கூட்டினால் பெரும்பாலும் 70, 71, 72 என்று வரும்.

ஒரு குழியில் ஒரு அடி மிச்சம் பிடித்தால் 'பர்டி'. சுமார் 120 ஆண்டுகளுக்கு முன் அமெரிக்காவில், அட்லாண்டிக் சிட்டி என்ற ஊர் மைதானத்தில் பிறந்த சொல். நல்ல பொருள் எதைக் கண்டாலும் "பறவை!" என்பது அந்தக் காலத்து அமெரிக்கக் கொச்சை. ஸ்மித் என்ற ஆட்டக்காரர் அடித்த ஒரு அடியைக் கண்டு கூட இருந்தவர்களுக்குத் தாங்காத சந்தோஷம். "பறவையான அடி!" என்ற பேச்சு அங்கே எழுந்தது. அதுவே நிலைத்தது. வீட்டில் பல்லாங்குழி ஆடும்போது நாலு முத்து சேர்ந்தால் 'பசு' என்று எடுப்பதில்லையா? அங்கே பசுவா வந்து நிற்கிறது? அதைப் போலத்தான் இதுவும்.

சின்னப் பறவை பிறந்த பிறகு பெரிய பறவை பிறக்காமல் இருக்குமா? இரண்டு அடி மிச்சம் என்றால் 'ஈகிள்', கழுகு. மூன்று அடி மிச்சம் என்றால் 'ஆல்பட்ராஸ்'. சிறகை விரித்தால் மூன்று மீட்டருக்கு மேல் நீளும் கடற்பறவை அது. அபூர்வமான பறவை, அபூர்வமான அடி. 1935-ம் ஆண்டு அமெரிக்க 'மாஸ்டர்ஸ்' பந்தயத்தின் கடைசி நாளில் ஜீன் சாரசென் என்பவர் மூன்று அடி பின்தங்கி நின்றார். பார் 5 குழி ஒன்றில் 235 கஜ தூரத்திலிருந்து அவர் அடித்த இரண்டாவது அடி நேராகக் குழிக்குள் போய் விழுந்தது. மூன்று அடிக் கடனும் ஒரே அடியில் தீர்ந்தது! மறுநாள் நடந்த மறு ஆட்டத்தில் கோப்பையும் அவருக்கே.

இனிப் போகி. ஒரு அடி கூடுதலாகச் செலவழித்தால் போகி. அதாவது கடன். இந்தப் போகி யார்? வெள்ளைக்காரத் தாய்மார்கள் குழந்தையைப் பயமுறுத்துகிற பூச்சாண்டி! 1890-ம் ஆண்டு வாக்கில் இங்கிலாந்தில் பூச்சாண்டிப் பாட்டு ஒன்று எங்கும் முழங்கிற்று. அப்போது கோல்ப்பில் புது வழக்கம் ஒன்று வந்தது. எதிராளி இல்லாமல், குழிக்கு இத்தனை அடி என்று எழுதி வைத்து, அந்தக் கணக்கோடு மோதுவார்கள். கிரேட் யார்மவுத் என்ற ஊரில் ஒரு மேஜர் இப்படி ஆடித் தோற்றார். "கண்ணுக்குத் தெரியாத இந்த எதிராளி சரியான பூச்சாண்டி!" என்று அலுத்துக்கொண்டார். பூச்சாண்டி அப்படியே ஒட்டிக்கொண்டது. பிறகு பூச்சாண்டிக்குக் கர்னல் பட்டமும் கொடுத்தார்கள். 1957-ல் வந்த 'குவாய் நதிப் பாலம்' ஆங்கிலப் படத்தில் கைதிகள் சீட்டியடித்துக்கொண்டு நடப்பார்களே, அந்த மெட்டின் பெயர் 'கர்னல் போகி'. கோல்ப் தந்த பெயர்தான்.

முதலில் போகி என்றால் நல்ல கணக்கு. பிறகு ஆட்டம் முன்னேறிப் பார் கணக்கு கடுமையானதும், போகி ஒரு படி இறங்கிக் கடன் ஆகிவிட்டது. இரண்டு அடி கடன் 'டபிள் போகி'.

இன்னும் ஒரு சொல் உண்டு: 'ஹேண்டிகேப்'. அகராதியைப் புரட்டி இதைக் 'குறைபாடு' என்று எழுதினால் பொருள் தலைகீழாகும். பழைய இங்கிலாந்தில் பண்டமாற்றுச் செய்யும் இருவர், தொப்பிக்குள் கையை விட்டு ஆடிய பேரம் அது. 'தொப்பிக்குள் கை' என்பதே பெயர். கோல்ப்பில் அது நோஞ்சான் ஆட்டக்காரருக்குக் கொடுக்கும் சலுகை அடி. பேரன் 72 அடியில் முடிக்கிறான். தாத்தாவுக்கு 90 அடி ஆகிறது. தாத்தாவின் ஹேண்டிகேப் 18 என்றால் 90-ல் 18 போக 72. இருவரும் சமம்! தாத்தாவும் பேரனும் சமமாக நின்று மோதக்கூடிய ஆட்டம் உலகத்தில் எத்தனை இருக்கிறது? 'மல்லிகன்' என்று ஒரு சலுகையும் உண்டு. தப்பாக அடித்ததை விட்டுவிட்டு மறுபடி அடிப்பது. அது நண்பர்களுக்குள் மட்டும். பந்தயத்தில் செய்தால் அழுகுணி ஆட்டம்.

பெரிய பந்தயங்கள் நாலு நாள் நடக்கும். இரண்டு நாள் முடிந்ததும் பின்தங்கிய பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அது 'கட்'. கட்டைத் தாண்டாதவருக்குப் பெரும்பாலும் பரிசுப் பணத்தில் ஒரு காசும் கிடைக்காது. ஓட்டல் செலவும் வண்டிச் செலவும் அவர் தலையில்!

பை சுமந்தவர்கள்

இவ்வளவு சொற்களையும் ஐயம் இல்லாமல் அறிந்தவர் மைதானத்தில் ஒருவர் உண்டு. அவர் பெயர் 'கேடி'. போலீஸ் ஸ்டேஷன் சுவரில் படம் ஒட்டியிருக்கும் கேடி அல்ல! பிரெஞ்சு மொழியில் 'கடெட்' என்றால் இளையவன். அது ஸ்காட்லாந்துக்குப் போய், எடின்பரோ நகரத் தெருவில் கூலிக்குச் சாமான் சுமக்கும் எடுபிடி ஆளுக்குப் பெயராயிற்று. அங்கிருந்து கோல்ப்புக்கு வந்தது. ஆட்டக்காரர் 14 மட்டை வரையில் வைத்துக்கொள்ளலாம். அந்தக் கனத்தைச் சுமந்து ஏழெட்டுக் கிலோமீட்டர் நடப்பவர் கேடி. காற்று எந்தப் பக்கம், எந்த மட்டை எடுப்பது, கிரீன் எந்தப் பக்கம் சரிகிறது என்று சொல்பவரும் அவரே.

ஆனால் வேலியைத் தாண்டி உள்ளே வந்தும், வேலிக்கு வெளியிலேயே நின்றவரும் அவரே.

தென்னாப்பிரிக்காவில் டர்பன் நகரத்தில் பாப்வா செவ்கோலும் என்ற இந்திய வம்சத்துப் பையன் கேடியாக இருந்தார். படிக்க, எழுதத் தெரியாது. சொல்லிக் கொடுப்பாரும் இல்லை. வலது கைக்காரர்கள் மட்டையைப் பிடிக்கும்போது இடது கை மேலே, வலது கை கீழே இருக்கும். பாப்வா தலைகீழாகப் பிடித்தார். பிடி எப்படி இருந்தால் என்ன? பந்து குழிக்குப் போயிற்று. 1959-ல் ஐரோப்பாவுக்குப் போய் டச்சு நாட்டுப் பந்தயத்தையே வென்றார். அடுத்த ஆண்டும் வென்றார்.

1963-ம் ஆண்டு டர்பனில் நேட்டால் பந்தயம். வெள்ளைக்கார ஆட்டக்காரர்கள் அத்தனை பேரையும் பாப்வா தோற்கடித்தார். அன்று மழை. வெள்ளையர்கள் கட்டடத்துக்குள் இருந்தார்கள். நிறவெறிச் சட்டப்படி இந்தியர் உள்ளே போகக்கூடாது. வென்றவர் வெளியே மழையில் நின்று கோப்பையை வாங்கிக்கொண்டார்! அந்தப் படம் உலகப் பத்திரிகைகளில் வந்தது. 1965-ல் அதே பந்தயத்தில் உலகப் புகழ் பெற்ற கேரி பிளேயரையே வென்றார். அதன் பிறகு வெள்ளையர் பந்தயங்களில் அவர் ஆட முடியாதபடி அரசாங்கம் கதவைச் சாத்தியது. 1978-ல் அவர் காலமானார்.

மற்ற நாடுகள் யோக்கியமா? அமெரிக்கத் தொழில்முறைக் கோல்ப் சங்கத்தில் "வெள்ளையர் மட்டும்" என்ற விதி 1961 வரையில் இருந்தது. மாஸ்டர்ஸ் பந்தயம் நடக்கும் அகஸ்டா மைதானத்தில் பை சுமந்தவர்கள் நீக்ரோ இனத்தவர். அந்த இனத்தவர் ஒருவர், லீ எல்டர், அந்தப் பந்தயத்தில் ஆட முடிந்தது 1975-ல்தான். பெண்களை அந்தக் கிளப் சேர்த்துக்கொண்டது 2012-ல். செயின்ட் ஆண்ட்ரூஸில் 1754-ல் தொடங்கிய பெரிய கிளப், பெண்களுக்கு இடம் கொடுக்க 260 ஆண்டுகள் யோசித்தது. அதிதியும் தாயாரும் அன்று நடந்த ஜப்பான் மைதானம் இருக்கிறதே, கசுமிகசேக்கி, அங்கேகூட 2017-ம் ஆண்டு வரையில் பெண்கள் முழு உறுப்பினர் ஆக முடியாது. ஒலிம்பிக் கமிட்டி கண்ணை உருட்டிய பிறகுதான் விதியை மாற்றினார்கள்.

நல்ல கதைகளும் இல்லாமல் இல்லை. 1913-ல் 20 வயதான பழைய கேடி ஒருவர், பிரான்சிஸ் உமெட், இங்கிலாந்தின் இரண்டு சிங்கங்களைத் தோற்கடித்து அமெரிக்கப் பெரும் பந்தயத்தை வென்றார். அவருடைய பையைச் சுமந்தவன் 10 வயதுப் பையன். நம் நாட்டில் 1829-ல் தொடங்கிய கல்கத்தா கோல்ப் கிளப்பில் புல் வெட்டிப் பராமரித்த தொழிலாளி ஒருவரின் மகன் சௌரசியா. அந்தப் புல்லிலேயே ஆட்டம் பழகினார். 2016, 2017 என்று அடுத்தடுத்து இரண்டு ஆண்டுகள் இந்தியப் பந்தயத்தை வென்றார். சிப் அடியிலும் பட் அடியிலும் கெட்டிக்காரர் என்பதால் கூட ஆடுபவர்கள் அவருக்குச் 'சிப்புட்சியா' என்று பட்டப்பெயர் வைத்தார்கள். பட்டப்பெயரின் பொருள் இப்போது யாரும் சொல்லாமலே விளங்குகிறதல்லவா?

மிச்சம், கடன்

"குடிதண்ணீருக்கே குடம் வரிசையில் நிற்கிறது. புல்லுக்குத் தண்ணீர் விட்டு ஆடும் ஆட்டத்தின் சொல்லைக் கற்றுக்கொண்டு என்ன செய்ய?" என்று கேட்பவர்கள் இருப்பார்கள். கேள்வி நியாயமானது. ஊர் நிலமும் ஊர்த் தண்ணீரும் எவ்வளவு, எதற்குப் போகிறது என்று கேட்கத்தான் வேண்டும். ஆனால் அதைக் கேட்பவருக்கும் அங்கே என்ன நடக்கிறது என்று தெரிந்திருந்தால் நல்லதுதானே? பேச்சு புரியாத இடத்தில் கேள்வி எடுபடாது.

மேலும், ஆட்டத்தில் சேரப் பணம் வேண்டும். செய்தியைப் படிக்கப் பணம் எதற்கு? அதிதியின் பெற்றோரும் முதலில் இந்தச் சொற்களை அறியாதவர்கள்தான். பெங்களூரில் காலைச் சிற்றுண்டிக்குப் போன ஓட்டலிலிருந்து பார்த்தால் கோல்ப் மைதானம் தெரிந்தது. அதைக் கண்டுதான் 5 வயதில் அதிதிக்கு ஆசை பிறந்தது. குழந்தையோடு சேர்ந்து பெற்றோரும் கற்றுக்கொண்டார்கள். 2016-ல் ரியோ ஒலிம்பிக்கில் தகப்பனார் பை சுமந்தார். டோக்கியோவில் தாயார்.

தமிழ்ப் பத்திரிகைகளும் டெலிவிஷன்காரர்களும் ஒரு சின்ன உதவி செய்யலாம். பர்டியையும் போகியையும் தமிழாக்குகிறேன் என்று புலவர்களைத் தேடி ஓட வேண்டாம். விக்கெட்டைத் தமிழாக்கியா கிரிக்கெட் பார்க்கிறார்கள்? 'பர்டி' என்று எழுதிவிட்டு, 'ஒரு அடி மிச்சம்' என்று பக்கத்தில் போட்டால் போதும். 'போகி' என்றால் 'ஒரு அடி கடன்'. 'பதினைந்து அண்டர்' என்றால் 'பதினைந்து அடி மிச்சம்'. மளிகைக் கணக்கு எழுதுகிற எந்தத் தாய்க்கும் இது விளங்கும். இதை எழுத அரை வரிகூட ஆகாது. அந்த அரை வரியை மிச்சம் பிடிப்பது கஞ்சத்தனம்.

இனி அந்தச் சனிக்கிழமைக் கணக்கைப் பார்க்கலாம்.

கசுமிகசேக்கி மைதானத்தின் பார் 71. நாலு நாளுக்கு 284. அதிதி முதல் மூன்று நாளும் 67, 66, 68 அடிகளில் முடித்திருந்தார். கடைசி நாளில் ஐந்து பர்டி, இரண்டு போகி. நடுவில் இடி மின்னலால் ஆட்டம் நின்று மறுபடி தொடங்கியது. அமெரிக்காவின் நெல்லி கோர்டா 17 அடி மிச்சத்தோடு தங்கத்தின் பக்கம் போய்விட்டார். ஜப்பானின் மோனே இனாமி கடைசிக் குழியில் போகி வாங்கி 16 அடி மிச்சத்துக்கு இறங்கினார். நியூசிலாந்தின் லிடியா கோவுக்கும் அதே 16.

அதிதி கடைசிக் குழிக்கு வந்தபோது அவர் கையில் 15 அடி மிச்சம். பந்து கிரீனில் கிடந்தது. குழி சற்றுத் தொலைவில். ஒரே தட்டில் உள்ளே போனால் பர்டி. 16 ஆகும். இனாமி, கோ இருவரோடும் சமம் ஆகிப் பதக்கத்துக்கு மறு ஆட்டம் ஆடலாம். தாயார் பையோடு ஒதுங்கி நின்றார். அதிதி தட்டினார். பந்து உருண்டது. குழியை நெருங்கியது. ஓரமாக நகர்ந்து, தாண்டிப் போய் நின்றது.

அடுத்த தட்டில் உள்ளே விழுந்தது. பார். மொத்தம் 269. நாலாவது இடம்.